நாற்பத்தொரு ‘பார்க்கலாம்’

ஜூன் 4
கடைசிப் பேட்டியும் முடிந்தது. சித்தி குடியிருக்கும் தெருவில் ஐம்பத்திரண்டு வீடுகள். தொழிற்சாலையை விரிவாக்க அந்த இடம் வேண்டுமாம். காலி செய்யச் சம்மதமா என்று வீடு வீடாகக் கேட்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சித்திதான் கூடவே வந்து கதவு தட்டினாள். “நம்ம பொண்ணுதான், பயப்படாம பேசுங்க.” நாற்பத்தொரு வீட்டில் ஒரே பதில்: “பார்க்கலாம்மா.” முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனம் வராத ஜனங்கள்.

ஜூன் 11
என் கைடு அட்டவணையைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். ஆய்வுக்குப் பணம் தொழிற்சாலையுடையது; அவர்களுக்கும் ஓர் அறிக்கை போக வேண்டும். ‘மறுப்பு’ என்று நான் போட்ட நாற்பத்தொன்றும் ‘சம்மதிக்க வாய்ப்புண்டு’ பக்கம் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12
நேரில் போய்க் கேட்டே விட்டேன். “சார், பொண்ணு கேட்டுப் போன இடத்துல ‘பார்க்கலாம்’னு சொன்னா, நாம மண்டபமா பிடிக்கிறோம்?”
சிரித்தார். அவருக்கும் தாய்மொழி இதுதானே!
“முடியாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா? சொன்னதைத்தான்மா எழுதணும்.” என் ஆய்வேட்டை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். “கையெழுத்துக்கு ஒண்ணும் அவசரமில்லையே?”
அவசரமில்லையா? ஆறு வருஷம்!

ஜூன் 19
சித்தி போன் செய்தாள். தெருவில் யாரோ டேப் வைத்து அளக்கிறார்களாம். “ஏன்டி, உன் ஆராய்ச்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே?”
“இல்ல சித்தி.”
வாய் கூசவே இல்லை. அதுதான் பயமா இருக்கு.

ஜூன் 24
திருத்தத்துக்குச் சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான் மறுத்தா வேற ஆளை வெச்சு எழுதிடுவாரு — இப்படித்தான் எல்லாரும் சொல்லிக்குவாங்க, இல்ல?

ஜூலை 2
கையெழுத்து ஆயிற்று. தொழிற்சாலைக்குப் போகும் அறிக்கையில் என் பேரை மட்டும் போட்டிருக்கிறார். “உழைச்சது நீதானே.” என்ன பெருந்தன்மை! இரண்டு தடவை நன்றி சொன்னேன். ஆனால் அவர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை?

நவம்பர் 8
தெரு முழுக்க நோட்டீஸ். ‘குடியிருப்போர் சம்மதத்தின் பேரில்’ என்று ஆரம்பிக்கிறது. காலி செய்ய மூன்று மாதக் கெடு. கீழே ஆதாரம் என்று என் முழுப் பேர், புதிதாய் வாங்கிய முனைவர் பட்டத்தோடு. வேறு யார் பேரும் இல்லை.
சித்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதி திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.
“சொல்லுங்க மேடம்” என்றாள்.