தோளில் ஒரு தட்டு

ஜூன் 8, செவ்வாய்

சோதனைச் சாவடியில் இன்றும் வண்டி அணைந்துவிட்டது. காவலுக்கு நின்றவன் சிரித்தான். "என்ன வாத்தியாரே, உங்க வண்டிக்கும் சம்பளம் வரலியா?"

போர் வந்து பள்ளியில் எனக்குச் சம்பளம் நின்று வருடங்கள் ஆகின்றன. இந்த மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. மனைவி நஜீபாவைச் சனியும் செவ்வாயும் ஹுதைதா நகரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் இதில்தான். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டவளுக்கு ஒரு நாள் தவறினாலும் உடம்பு ஊதிவிடுகிறது. வண்டி நின்றால் அவள் - வேண்டாம், எழுத வேண்டாம்.

அணையாமல் இருக்க ஸ்லோ ஸ்பீடு திருகை ஏற்றிவைத்தேன். ஆக்சிலேட்டர் கேபிளையும் இழுத்துக் கட்டினேன்.

ஜூன் 9, புதன்

மக்பூலி அண்ணனின் பட்டறை. வண்டியைக் கிளப்பி ஹேண்டிலை இடது பக்கம் திருப்பியவர் துள்ளிப் பின்வாங்கினார்.

"யாருய்யா கேபிள இவ்வளவு விறைப்பாக் கட்டுனது? ஹேண்டில ஒடிச்சா வண்டி தானாக் கத்துது. உங்களுக்குக் கேக்கலியா?"

"கவனிக்கல அண்ணே."

பொய். கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்த அன்று வலது காது போனது. இடதும் கொஞ்சங்கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எதிரே நின்று பேசினால் புரியும். வண்டி ஓடும்போது வெறும் இரைச்சல்தான். நஜீபாவைத் தவிர ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்தால் செவிடன் வண்டியில் எவன் ஏறுவான்?

அண்ணன் கேபிளுக்குத் தளர்வு கொடுத்தார். பெட்ரோலை விரலில் தொட்டு முகர்ந்து காறித் துப்பினார்.

"பாதி மண்ணெண்ணெய். அணையிறதும் இதாலதான், இன்ஜினுக்குள்ள டக்டக்னு அடிக்கிறதும் இதாலதான். திருகத் திருகித் திருகி ஒண்ணும் ஆகப்போறதில்ல. பெட்ரோல் பங்குல வரிசைல நின்னு நல்லதாப் போடுங்க. முடியலன்னா மெதுவா ஓட்டுங்க. அந்த டக்டக் கேட்டா உடனே ஆக்சிலேட்டரக் குறைச்சிடணும். இல்லன்னா ஒரு நாள் பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும், பாத்துக்குங்க."

கேட்டால்!

ஜூன் 12, சனி

பங்கில் வரிசை மசூதியைத் தாண்டி நிற்கிறது. நின்றால் நாள்கணக்கில் நிற்க வேண்டும். எப்போது நம் முறை வரும் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை காத்திருக்குமா? சாலையோரத்தில் மஞ்சள் கேன் வைத்து விற்கும் அய்யாஷிடமே மறுபடி போட்டேன். "சுத்தமான சரக்கு வாத்தியாரே, குடிச்சே காட்டவா?" என்றான். குடி என்றேன். சிரித்து மழுப்பிவிட்டான், களவாணி.

நஜீபாவோடு ஓர் ஏற்பாடு. பின்னால் உட்கார்ந்து அவள்தான் கேட்க வேண்டும். டக்டக் வந்தால் தோளில் ஒரு தட்டு, உடனே ஆக்சிலேட்டரைக் குறைப்பேன். இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும்.

"ஆக, நான்தான் உங்க காது."

"ஆமாம்."

"இத்தனை வருஷம் நான் சொன்னதக் கேக்காத மனுஷன்!"

போகும் வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தாள். திரும்பும்போது என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் ஒரு தட்டு விழுந்தது.

ஜூன் 16, புதன்

அவள் இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் எப்போதும் விர்ரென்று அதிரும். அதிர்வு இருக்கிறதா என்று தினம் காலையில் பார்க்கச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ். முன்பெல்லாம் காதை வைத்துக் கேட்பேன். இப்போது விரல்தான். வண்டி ஸ்லோ ஸ்பீடில் சீராக ஓடுகிறதா என்று டேங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான்.

"என்ன, நல்லா ஓடுதா? இல்ல, என் திருகையும் ஏத்தணுமா?" என்றாள். பேச்சுக்குக் குறைச்சலில்லை.

ஜூன் 22, செவ்வாய்

மருந்து வரவில்லையாம். எல்லாருக்கும் டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். கால் வீக்கம் வடியாமலேயே அனுப்பினார்கள். தண்ணீர் அளந்துதான் குடிக்கிறாள். இந்த வெயிலில்! ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கிடக்கிறாள்.

ஜூன் 26, சனி

இன்று ஒரு தட்டுகூட இல்லை. செவ்வாயும் இல்லை. அய்யாஷுக்கு நல்ல சரக்கு வந்திருக்க வேண்டும். அல்லது கேபிளைத் தளர்த்தியது வேலை செய்கிறது. "சத்தமே இல்லியா?" என்று இரண்டு முறை கேட்டேன். "வழவழன்னு ஓடுது வாத்தியாரே, பேசாம ஓட்டுங்க" என்றாள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. மணல் பாதையில் நன்றாகவே முறுக்கினேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம். முதல் மெஷின் கிடைத்தது. திரும்பும்போது அவளுக்கு மல்லிகைச் சரம் வாங்கினேன். மனசு கொஞ்சம் லேசானது.

ஜூலை 3, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

புழுதிக்காற்று. மணல் பாதை நடுவில் பின்சக்கரம் இறுகி, வண்டி இழுபட்டு நின்றது. கிக்கர் அசையவில்லை. இன்ஜினைத் தொட்டால் கை வெந்தது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

"தட்டலியே நீ! ஏன் தட்டல?"

அவள் முகத்திரையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் இடது காதருகில் வந்து சொன்னாள். "ரெண்டு வாரமா அடிச்சுட்டேதான் இருக்குங்க. சொன்னா வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு, பெட்ரோலுக்கு வரிசைல போய் நிப்பீங்க. அப்புறம் நான் எதுல போறது? மெதுவாப் போனா மெஷின் கிடைக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு."

கத்தினேன். நடுப்பாதையில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, புத்தியில்லாதவளே என்று கத்தினேன். காற்றில் ஒரு வண்டியும் வரவில்லை. தாகம் என்றாள். கொடுக்கக் கூடாது. கொடுத்தேன், பாட்டில் முழுக்க. எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

மீன் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டயாலிசிஸ் நிலையத்தில் ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். டீசல் தீர்ந்துவிட்டதாம். செவ்வாய் வாங்க என்றார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

ஜூலை 4, ஞாயிறு

முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருக்கிறாள். அய்யாஷ் ஓடி ஓடி ஒரு கார் பிடித்திருக்கிறான். நாளை மதியம் வருகிறதாம். கோபமா என்று கேட்டாள். உன்மேல் எனக்கென்ன கோபம், வண்டிமேல்தான் என்றேன். "வண்டி பாவம்ங்க, அது சொல்லிட்டேதான் இருந்துச்சு" என்றாள்.

ஜூலை 5, திங்கள்

விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மதியம் வந்த கார் காலியாகத் திரும்பிப் போனது.

ஜூலை 15, வியாழன்

பங்கு வரிசையில் நிற்கிறேன். ஓட்டமில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறேன். முன்னால் இருப்பவன் எதற்கு என்று கேட்டான். இப்போது எனக்கு அவசரம் இல்லை, நிற்கலாம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. டேங்க் நிறைய நல்ல பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுபடி தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 29, வியாழன்

மக்பூலி அண்ணன் சிலிண்டரைக் கடைந்து வேறு பிஸ்டன் போட்டுவிட்டார். டேங்கில் கையை வைத்தேன். சீராக ஓடியது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, சனி

ஹுதைதாவுக்கு ஒரு சவாரி. ஏறியவர் மீன் மொத்த வியாபாரி, பருத்த ஆள். மணல் பாதை தாண்டிக் கடைத்தெருவில் நுழைந்தபோது தோளில் ஒரு தட்டு விழுந்தது. உடனே ஆக்சிலேட்டரைக் குறைத்தேன். மறுபடி தட்டு. ஓரமாக நிறுத்தித் திரும்பி, இடது காதைக் காட்டி, "ரொம்ப அடிக்குதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எது? நான் இங்க இறங்கணும்ப்பா."