டெலஸ்கோப்புக்குப் போட்ட கருப்புச் சட்டை

பிரிஸ்கில்லா,

நீ பூசையிலேந்து வர்றதுக்குள்ள ஷிப்டுக்குக் கெளம்பிட்டேன். மீன் கொழம்ப சுட வச்சி மூடியிருக்கேன். சாப்புடாம இருக்காத.

நேத்து டெலஸ்கோப்புக்கு "ஷ்ரவுட்" தைச்சுக் குடுன்னேன். டெலஸ்கோப்புல கொழாய்க்குப் பதிலா இருக்குற கம்பிங்களுக்கு நடுவால தெரு லைட்டு வெளிச்சம் வராம மறைக்கிற கருப்புத் துணிக்கு அதான் பேரு. நீ டிக்சனரியப் பாத்துட்டு, "பொணத்துக்குப் போத்துற துணியா?"ன்னு கத்துன. சத்தியமா எனக்கு அந்த அர்த்தம் தெரியாது.

நானே தைச்சி மாட்டிட்டேன். கோணலாத்தான் இருக்கு. இனிமே அத சட்டைன்னே சொல்லுவோம்.

லூர்து

நூல் தேடும்போது, பொறந்த அன்னைக்கே போன நம்ம புள்ளைக்கி நீ தைச்ச சட்டைங்க பீரோவுல இருந்துது. ஆஸ்பத்திரித் துணியோடயே அவனப் பொதச்சிட்டோம். ஒன்னாவது போட்டு அனுப்பியிருக்கலாம், பிரிஸ்கி.