நீங்கள் பஸ்ஸுக்குப் போகாத காரணம்

கயலின் வெள்ளைச் சட்டையைக் காலையில் ஊற வைக்க எடுத்தபோது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. துவைத்துக் காயப்போட்ட பிறகும் போகவில்லை. நம் பேத்தியிடம் கேட்டால் சிரிக்கிறாள். "பிளேனுக்கு ஊத்துறதும் ஒரு மாதிரி மண்ணெண்ணெய்தான் அப்பாயி. பக்கத்துல நின்னாலே சட்டையில ஏறிடும்." ரேஷனில் குறைத்தது இதற்காகத்தானா என்றேன். அதற்கும் சிரித்தாள். ஆனால் ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் படத்தைப் பார்த்து வாயால் பேசினால் மருமகள் பயப்படுகிறாள்.

நீங்கள் கண்ணை மூடும்போது அவள் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது சென்னையில் ஒரு கம்பெனி முதலாளியின் சொந்த விமானத்தில் கோ-பைலட். எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். டிக்கெட் கிடையாது, குறித்த நேரம் கிடையாது. முதலாளி கிளம்பினால் விமானம் கிளம்பும். பால் கொண்டுவருகிற பெண்ணிடம்கூட, "எங்க வீட்டுக்காரர் கார் டிரைவர், பேத்தி பைலட்" என்று பெருமையாகச் சொன்னேன். உள்ளேயிருந்து கயல், "நானும் டிரைவர்தான்க்கா. வண்டிதான் பறக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

யோசித்தால் அவள் சொன்னது சரிதான். முதலாளி கூட்டம் முடிந்து வரும்வரை ஏதோ ஓர் ஊரில் சட்டை கசங்காமல் காத்திருக்கிறாள். நீங்கள் ரைஸ்மில் முதலாளியின் காரோடு கும்பகோணத்துக் கல்யாண மண்டபங்களின் வாசலில் காத்திருந்த மாதிரி. யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறாள் என்று வீட்டில் சொல்லக் கூடாதாம். நீங்கள் மட்டும் சொன்னீர்களா? "முதலாளி எங்க போனா ஒனக்கென்ன, சோத்தப் போடு" என்பீர்கள்.

இப்போது ஒரு பெரிய விமானக் கம்பெனியிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போகிற விமானம். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டியிருந்தது. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். அவள் நடந்தால் நானும் நடந்தேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சாப்பிடும்போது கேட்டாள்: "தாத்தாவுக்கு கவர்மென்ட் பஸ்ஸுல வேலை வந்துச்சுல்ல, ஏன் அப்பாயி போகல?"

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அதற்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? பென்ஷன் உண்டு, வார லீவு உண்டு, ஆர்டரே கைக்கு வந்துவிட்டது. நீங்கள் "பாப்போம்" என்றீர்கள். அந்தப் 'பாப்போம்' என்பதிலேயே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ரைஸ்மில் முதலாளி மேல் அப்படி என்ன விசுவாசம் என்று கேட்டால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள்.

தட்டைக் கழுவும்போதுதான் அந்த ஐப்பசி மழை நினைவுக்கு வந்தது. மயிலாடுதுறையில் முதலாளியின் சொந்தத்தில் கல்யாணம். முதலாளியம்மா துணைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள்.

"முகூர்த்தம் போயிடும்யா" என்றார் முதலாளி.

"தண்ணி வடியட்டும் முதலாளி. எறங்கி அப்புடி மதகுல உக்காருங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பஸ்காரன் போயிட்டான் பாரு. நீதான்யா டிரைவர்னு வந்து வாச்சிருக்க."

"அவன் போகட்டும்ங்க. நம்ம அப்பறம் போவோம்."

முதலாளி உங்களை ஒரு பார்வை பார்த்தார். வேலை போய்விட்டது என்றே எனக்குப் பட்டது. அவரோ பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மதகுக் கட்டையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். முகூர்த்தம் முடிந்துதான் போய்ச் சேர்ந்தோம். பந்தியில் எல்லாரிடமும் "என் டிரைவர் விடலப்பா" என்று சொல்லிச் சிரித்தார்.

ஈரக்கையோடு போய்க் கயலிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்: "வேணாம்னு நீ சொன்னா ஒன் முதலாளி கேப்பாரா?"

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் கேக்கல அப்பாயி."

மழை மேகம் கட்டியிருந்ததாம். அரை மணி நேரம் பொறுக்கலாம் என்று இவளும் சொன்னாளாம், பெரிய பைலட்டும் சொன்னாராம். "பக்கத்து கம்பெனி பிளேன் கெளம்பிடுச்சே, நீங்க என்ன பயந்தாங்கொள்ளியான்னாரு முதலாளி. பெரிய பைலட் பேசாம போய் உக்காந்துட்டாரு. நானும் உக்காந்துட்டேன்."

"அப்பறம்?"

"ஒண்ணும் ஆகல. ஆட்டம்தான். நல்லபடியா எறங்கிட்டோம். எறங்குனதும், பாத்தியான்னு சிரிச்சாரு."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பெரிய பிளேன்ல?"

"அங்க பின்னால உக்காந்திருக்கறவங்க யாரும் வந்து, கெளம்புன்னு சொல்ல முடியாது. நாங்க ஓட்டுற எடத்துக் கதவு சாத்தியிருக்கும்."

வெயில் தாழ்ந்ததும் கொல்லைப் பக்கம் போய்ப் போன் பேசிவிட்டு வந்தாள். "வரேன்னு சொல்லிட்டேன். தெருவுல என்ன சொல்லுவ இப்ப?"

"டிக்கெட் எடுத்தா நீங்களும் ஏறலாம்னு சொல்லுவேன்."

இந்தத் தடவை சிரிப்பு முழுசாக வந்தது.

பஸ் என்றால் டயம் கீப்பர் விசில் ஊதினதும் எடுத்தாக வேண்டும். இங்கே நீங்கள் சொன்ன சொல்லுக்கு ஒரு மனிதர் மதகில் போய் உட்கார்ந்தார். அதை விட்டுப் போக உங்களுக்கு மனசு வரவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றாலும் இனிமேல் நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன். மறுத்துச் சொல்ல நீங்கள் வரப்போவதில்லை.

ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கதவுக்கு உள்ளேயும் ஒரு பெரிய பைலட் இருப்பாரே. அவரே கிளம்பலாம் என்றால் இவள் என்ன செய்வாள்? பை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இனிமே வேணாம்னா வேணாம்னுதான் சொல்லுவேன் அப்பாயி. நான் பேசாம உக்காந்தது அந்த ஒருதடவதான்."

மேற்கே மழை மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. அவள் சொன்னதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று பேர்தான், மனசு கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடக்கிறது.