கோளாறு எங்கள் வீட்டில்தான்

அன்பு மகளுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், எனக்கு அந்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறேன். அங்கேயே உட்கார்ந்து படி, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உன் கல்யாணத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீயும் அம்மாவும் உன் மாமாவும் சேர்ந்து முடிவு செய்ததை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கம்ப்யூட்டரில் வரும்போதெல்லாம் கேமராவில் விழாதபடி பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா என்ன பண்றாரு என்று நீ கேட்பாய், பேப்பர் படிக்கிறாரு என்று அம்மா சொல்வாள், இன்னும் அதே பக்கம்தானா என்று நீ சிரிப்பாய். பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்தி உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் பாப்பா. அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா உன்னிடம் புது ஜன்னல் திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நீ நீலம் நல்லா இருக்கும்மா என்று ஆரம்பித்தாய், முடிப்பதற்குள் உன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்தது, நீ அந்தக் கையைப் பார்க்காமலே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய், கம்ப்யூட்டர் திரை கறுத்துவிட்டது. நெட்டு போச்சு போல என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனாள். நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் நானே உன்னைக் கூப்பிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டால் இணைப்பு இல்லை என்றது. உன் கைபேசிக்கு அடித்தேன், நான் நம்பரை அழுத்தும்போதே அம்மா சமையலறையில் ஒரு தட்டைக் கீழே போட்டாள், கை வழுக்கியது என்றாள். மாப்பிள்ளைதான் எடுத்தார். அவ தூங்குறா மாமா, நேத்து உங்க வீட்டு நெட்தான் கட்டாயிடுச்சு, முதல்ல அதைச் சரி பண்ணுங்க என்றார். அப்புறம் உன் நம்பரிலிருந்து அம்மாவின் கைபேசிக்கு, நெட் சரியானதும் பேசலாம், நன்றி என்று ஒரு செய்தி வந்தது. பெற்றவளுக்கு எந்தப் பெண் நன்றி போடுவாள்?

அந்த ஆள் சொன்ன எதையும் நான் இதுவரை நம்பியதில்லை. இதை மட்டும் நம்பிவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கோளாறு எங்கள் வீட்டில் என்றால் அந்தக் கை வெறுமனே உன்னைத் தாண்டி எதையோ எடுக்க வந்த கை, திரை கறுத்தது தற்செயல், நீ கண்ணை மூடியது தூசி. கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது போல ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். அலமாரி மேலே இருக்கும் ரூட்டரில் விளக்கு எரியாமல் இருக்க வேண்டுமே என்று ஸ்டூல் போட்டு ஏறினேன், எல்லாம் பச்சையாக எரிந்தன. அணைத்துப் போட்டேன், மறுபடியும் பச்சை. ஓர் எழுத்து தப்பாக இருக்காதா என்று பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இணைப்பு கொடுத்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன், அங்கிருந்த பெண் லைன் நல்லா இருக்கு சார் என்றாள். நன்றாகப் பாருங்கள், எங்கேயாவது கோளாறு இருந்தே தீர வேண்டும் என்றேன். கோளாறு இல்லைன்னா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க சார், நீங்க ஏன் சார் என்கூட சண்டை போடுறீங்க என்றாள். ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று தெரியத் தெரிய நான் வேறு ஒரு கோளாறைத் தேடினேன். ராத்திரி பக்கத்தில் அம்மாவும் தூங்கவில்லை என்பது தெரிந்தது, இருவரும் தூங்குவது போலவே படுத்திருந்தோம்.

கடைசியில் யார் முகத்தில் விழிக்கவே கூடாது என்று இருந்தேனோ அந்த உன் மாமாவையே கூப்பிட்டேன். இந்த வரனைக் கொண்டுவந்த புண்ணியவான், இந்தப் பழைய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டியதும் அவன்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அத்தான், ரூட்டரை முறைச்சு முறைச்சுப் பார்த்திருப்பீங்க, அது பயந்து போயிருக்கும் என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கைபேசியை வீட்டு இணைப்பில் போட்டுப் பார்த்தான், ஏதோ ஒரு பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. பாட்டை நிறுத்து என்று கத்திவிட்டேன். அவன் பாட்டை நிறுத்திவிட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் குனிந்து தடவினான். இங்க ஒரு குச்சி இருந்துச்சே அத்தான், கட்டைவிரல் அளவுல, அதுதானே வைஃபையைப் பிடிக்கும், அது எங்கே என்றான். அப்படி ஒரு குச்சி இருந்ததே எனக்குத் தெரியாது. யாரோ பிடுங்கியிருக்காங்க, தானா எல்லாம் விழாது என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, அம்மா வந்து நின்றாள். தையல் டப்பாவைத் திறந்து பொத்தான்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான்தான் எடுத்தேன் என்றாள்.

அதற்கு முந்தின வாரம் தண்ணீர் மோட்டாரை நிறுத்த நான் எழுந்து போன நேரத்தில் நீ அவளிடம் ரகசியமாகச் சொன்னதை அப்போதுதான் சொன்னாள். பேசிட்டிருக்கும்போதே அவர் லேப்டாப்பை மூடிட்டார்னா திரும்பக் கூப்பிடாதேம்மா, நான் உங்ககிட்ட ஏதோ சொல்லிட்டேன்னு நினைச்சுக்குவார், அப்புறம் அன்னிக்கு ராத்திரி தாங்காது, நெட் போச்சுன்னே இருந்துடுங்க என்று சொன்னாயாமே. நான் கூப்பிட்டுவிடக் கூடாது என்றுதான் நீ திரையிலிருந்து மறைந்ததும் நான் எழுந்து போகக் காத்திருந்து அதைப் பிடுங்கியிருக்கிறாள். ஆக அன்றைக்கு எங்கள் நெட் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான் வேறு மறுநாள் காலையில் வீரனாட்டம் போன் செய்தேனே, அதற்கு அன்று உனக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. என்னிடம் ஏன்டி சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். அவதான் சொல்லக் கூடாதுன்னா என்றாள். அப்பாகிட்ட சொன்னா உடனே ஒரு பெட்டிஷன் எழுதி நாலு காப்பி எடுத்து நாலு ஆபீசுக்கு அனுப்பிடுவாரு, அது இவர் கைக்கு வர்ற அன்னிக்கு நான் வீட்டுக்குள்ள தனியா இருப்பேன், எனக்கு அதுதான் பயம் என்றாயாம். உன் மாமா தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுதிய எந்த மனுவிலும் ஒரு பொய் கிடையாது, கல்லூரி முதல்வர் மேல் கொடுத்ததும் சரி, கீழ்வீட்டுக்காரன் மேல் கொடுத்ததும் சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் என் பெண் அவனுக்குப் பயப்படுகிற பயத்தில் பாதி என் பேனாவுக்கும் பயப்படுகிறாள் என்பதை அந்த மேசைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

குச்சியை இன்னும் செருகவில்லை. உன் மாமாவே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் அவுட்டு மாப்ளே, பார்ட்டு கிடைக்க நாளாகும், இவர் வேற எல்லாத்தையும் கழற்றிப் போட்டு வச்சிருக்கார் என்று என்னைத் திட்டிச் சிரித்துப் பேசினான், வைத்ததும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அவனை நான் மன்னிக்கவில்லை, ஆனால் அன்று சாப்பிடாமல் போகவிடவில்லை. இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாகக் கடைக்குக் கொண்டுவந்து, ஒருமுறை திரையில் எங்களுக்குக் கையசைத்தாரே அந்த முதலாளியம்மா, அவரிடம் கொடுத்து வை. அவரிடம் விஷயத்தைச் சொல், யாரிடமாவது சொல்லியிருப்பது நல்லது. வீட்டில் எதற்கும் எதிர்த்துப் பேசாதே, கிளம்பப் போகிறாய் என்பது உன் முகத்திலேயே தெரியக் கூடாது. அடித்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, மானம் போகும் என்று நினைக்காதே, மானம் போவதாக இருந்தால் அவனுடையது போகட்டும். கடைப் போனிலிருந்து அம்மாவுக்குக் கூப்பிடு. பேச முடியாவிட்டால் உங்க கண்ணாடி ரெடி என்று மட்டும் சொல்லி வைத்துவிடு, நான் புறப்பட்டு வருவேன், அதற்கான ஏற்பாடுகளை ஆரம்பித்துவிட்டேன். வேண்டாம், இன்னும் பொறு என்று நீ சொன்னால் பொறுப்பேன். எது என்றாலும் நீ சொல்லாமல் யாருக்கும் ஒரு வரி எழுத மாட்டேன்.

உன் அறையைப் பூட்டிவைக்கவில்லை, கட்டில் அப்படியேதான் இருக்கிறது, அம்மா நீலத் திரையை அங்கேதான் மாட்டியிருக்கிறாள். நீ நல்லபடியாக, முழுசாக இந்த வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும், வேறு எந்த வேண்டுதலும் எங்களுக்கு இல்லை. அம்மா தன் ஆசிகளையும் எழுதச் சொல்கிறாள். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மறந்துவிடாதே. கீழே கையெழுத்துப் போடுங்க என்கிறாள் அம்மா. நான் கையெழுத்துப் போட்டு இந்த வீட்டிலிருந்து வெளியே போன காகிதம் எல்லாமே யார் மேலாவது கொடுத்த புகார்தான். இது புகார் இல்லை என்பது பார்த்ததுமே உனக்குத் தெரிய வேண்டும். அதனால் கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.