சுண்ணாம்பில் ஒரு மேகம்

1934 ஆடி, செவ்வாய்

குழந்தை இறந்துபோனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டு நாதஸ்வரக்காரர் காலையில் தோடி வாசிக்கும்போதுதான் நெஞ்சு கொஞ்சம் இளகும். அந்த நேரத்தில் மஞ்சளும் அடுப்புக்கரியும் இலைச்சாறும் குழைத்து, சமையலறைச் சுவரில், கொல்லையிலிருந்து தெரியும் ஆயர் ஈத்தாம் மலையை வரைகிறேன்.

இன்று நாத்தனார் சுண்ணாம்பு வாளியும் பூசுகிற மட்டையுமாக வந்துவிட்டார்.

"உனக்குப் பைத்தியம்னு டத்தோ கிராமாட் தெரு பூரா பேச்சு. இந்தப் படத்தை இப்பவே அழிக்கணும்."

"அப்ப முதல்ல என் மேல பூசுங்கக்கா" என்று சுவரை மறித்து நின்றேன். அவர் தயங்கினார். மட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி, மலை உச்சியில் வெள்ளையாக ஒரு மேகம் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். நாளை என்ன சொல்வாரோ. சொல்லட்டும். மலையில் அருவி இன்னும் பாக்கி, அதற்கும் வெள்ளை வேண்டும். வாளியைத் திருப்பித் தரமாட்டேன்.