பத்து விரல் கிரீடம்

ஹெர்னே, ஜெர்மனி, 1909

அன்புள்ள பெட்ரோனெலாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீயும் மகளும் சுகமா? உன் இருமல் விட்டதா? சுரங்கம் என்னை ஒன்றும் செய்துவிடவில்லை, கவலைப்படாதே.

அந்தக் காலத்தில் நம் ஊர் க்னியெஸ்னோவில் முடிசூடிய, போலந்தின் முதல் ராஜா போலெஸ்லாவுக்காக ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டம் போட்டோம். கூட்டத்தில் போலிஷ் பேசக் கூடாது என்று ஜெர்மன்காரன் சட்டம் போட்டிருக்கிறானே, அதனால் ஒரு போலீஸ்காரன் நோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எங்கள் போலிஷ் சங்கத் தலைவர் ஷ்டெபான் மேடையேறி, பத்து விரலையும் தலைமேல் விரித்துக் கிரீடம் காட்டினார். முந்நூறு பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றோம். ஒரு மணி நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"என்னடா இது? பேசித் தொலைங்கடா!" என்று போலீஸ்காரன் கத்தினான்.

"பேசினா புடிப்பீங்க. நிக்கிறதுக்குமா சட்டம் இருக்கு சார்?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன். அவன் நோட்டில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை.

காய்ந்த காளான் கொஞ்சம் அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் வை, துவைக்காமல்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. நம் ஊரிலும் ஜெர்மன்காரன் ஆட்சிதானே, பள்ளிக்கூடத்தில் மகளைப் போலிஷில் ஜெபிக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அழாதே. அவளுக்கும் பத்து விரல் இருக்கிறது.

உன்,
வாலெண்டி