தேர்வில் என் பின்னால் இருந்த மீசைக்காரர் பற்றிய முறையீடு

அனுப்புநர்:
அம்சவல்லி அமிர்தலிங்கம்,
மேற்பிரிவு லயம்,
சுங்கை மெலோர் தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
தேர்வு ஒழுங்கு அதிகாரி,
தமிழ்ப் பாலர் பள்ளி ஆசிரியர் பட்டயப் பிரிவு,
இயங்கலைக் கல்லூரி, கோலாலம்பூர்.

பொருள்: இறுதித் தேர்வைப் பிறர் துணையுடன் எழுதியதாக என் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை நீக்கி, விடைத்தாளைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட தோட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டும் தொழிலாளி. தங்கள் கல்லூரியில் இயங்கலை (ஆன்லைன்) வழியாகப் படித்து, சென்ற மாதம் இறுதித் தேர்வு எழுதினேன். பெரிய மீசை வைத்த ஆடவர் ஒருவர் என் பின்னால் நின்று, கண் இமைக்காமல் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், இடையிடையே மறைந்து மறைந்து தோன்றியதாகவும் தங்கள் கண்காணிப்பு மென்பொருள் அறிவித்துள்ளது. விசாரணைக்கு அந்த நபரை அவருடைய அடையாள அட்டையுடன் (ஐசி) அழைத்து வரும்படி எனக்குக் கடிதம் வந்தது.

2. அவர் எங்கள் தோட்டத்து முனீஸ்வரர். சிமெண்டுச் சிலை. அவரை அழைத்து வர இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் கணவர் தர்மேந்திரன், “சாமிக்கு ஏதுலா ஐசி?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. கல்லூரி கொடுத்த வழிகாட்டிக் கையேட்டை நான் மதிக்காமல் இல்லை. அமைதியான தனி அறையில் அமரும்படி அது சொல்கிறது. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே அறை. கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கித் தூக்கி முதுகு கெட்டுப்போன என் கணவர் அதில் படுத்திருக்கிறார். பலகைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஓயாமல் கத்துகிறது. நிலையான இணையத்தை உறுதி செய்யும்படியும் கையேடு சொல்கிறது. லயத்தில் இணையம் அறவே கிடைப்பதில்லை; மேட்டில் இருக்கும் முனீஸ்வரர் மேடையில் மட்டுமே கிடைக்கும். பாடங்களை அங்கே போய்த் திறன்பேசியில் இறக்கிக்கொள்வேன். மறுநாள் மலையில் ஒரு காதில் பாடமும் மறு காதில் கங்காணியின் சத்தமுமாக வேலை செய்வேன். சாப்பாட்டு நேரத்தில், கேட்டதை எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். இந்த உத்தி கையேட்டில் இல்லை. ஆனாலும் படித்தேன்.

4. அந்த மேடையில் எழுதாமல் டவுனுக்குப் போய்த் தேர்வு எழுதியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். வேலை முடிந்து கீழே இறங்கினால் திரும்பி வர வண்டி கிடையாது. தோட்டத்து கேட்டையும் பூட்டிவிடுவார்கள்.

5. மேடையில் உட்கார ஒரே ஒரு படிதான் உண்டு. அதற்கு முன்னால் சரிவு; சிலையைப் பார்த்து உட்கார இடமில்லை. நான் சரிவைப் பார்த்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தால் என் தலையே சிலையை மறைத்திருக்கும். ஆனால் சாமிக்கு முதுகு காட்டி உட்காருவது எங்களுக்கு வழக்கமில்லை. ஆகவே ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். அதனால் அவர் முகம் என் தோளுக்கு மேல் தெரிந்துவிட்டது. அவர் மறைந்து தோன்றியதற்குக் காரணம் பனிமூட்டம். மேடையிலிருந்து கலந்துகொண்ட நேரலை வகுப்புகளில் கேமராவை அணைத்தே வைத்திருந்ததால் இந்தச் சிக்கல் முன்பு எனக்குத் தெரியவில்லை.

6. இதைத் தொலைபேசியில் விளக்கினேன். சிலையின் முகத்தைத் துணியால் மூடி, அதே இடத்தில் மீண்டும் காணொளி எடுத்து அனுப்பி, அதில் மென்பொருள் ஆளைக் காட்டாவிட்டால் பரிசீலிப்பதாகத் தங்கள் அலுவலர் கூறினார். நான் பூசாரி சிங்காரம் அண்ணனிடம் கேட்டேன். “சாமி கண்ண மறைக்கக்கூடாது, தங்கச்சி. நாளைக்கு யாருக்காச்சும் ஒன்னுன்னா தோட்டமே உன்னத்தான் சொல்லும்” என்றார். ஐயா, மூடினால் நான் இந்தத் தோட்டத்தில் இருக்க முடியாது. மூடாவிட்டால் இந்தத் தோட்டத்தை விட்டுப் போக முடியாது.

7. லயத்து வீடு வேலை செய்பவர்களுக்கு மட்டுமே. நான் கத்தரியைக் கீழே வைத்தால் வீடு போய்விடும். தானா ராத்தா டவுனில் ஒரு பாலர் பள்ளி, தங்க இடத்துடன் ஆசிரியர் வேலை தருவதாகச் சொல்லி, என் பட்டயத்துக்காக ஆண்டு இறுதி வரை காத்திருக்கிறது. திருட்டுத்தனமாகத் தேர்வு எழுதியவள் என்ற பெயருடன் நான் எந்தப் பிள்ளைகள் முன்னும் நிற்க முடியாது. காலையில் மலை ஏறி நான்கு பக்கமும் தேயிலையைப் பார்க்கும்போது மூச்சு முட்டுகிறது. இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

8. ஆகவே, தாங்களோ தங்கள் அலுவலர் ஒருவரோ மேடைக்கு நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன். வர இயலாவிட்டால், அதே வினாக்களை எந்த நேரத்திலும் தொலைபேசியில் கேளுங்கள். வாய்மொழியாக விடை சொல்கிறேன்.

9. விசாரணையில் எதையும் மறைக்கக்கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முன் சூடம் ஏற்றி அவரிடம் நான் உதவி கேட்டது உண்மை. விடை எதுவும் கேட்கவில்லை. இந்த மலையை விட்டு வெளியே போக ஒரு வழி விடும்படி மட்டும் கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அதையே இப்போது தங்களிடம் கேட்கிறேன்.

தங்கள் பதில் வந்திருக்கிறதா என்று நாள்தோறும் மேட்டில் ஏறிப் பார்க்கும்,

(கையொப்பம்)
அம்சவல்லி அமிர்தலிங்கம்

இடம்: சுங்கை மெலோர் தோட்டம்
தேதி: 4 நவம்பர் 2024